ஐந்து ஐம்பதுக்கு மாறிய தகடு

2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16ஆம் திகதி, புதன்கிழமை. 4.35க்கு எழும்பினேன். முதல் நாள் பின்னேரம் கலனில் பிடித்து வைத்த தண்ணீரில் வுழூச் செய்து சுபஹு தொழுதேன். கேத்தில் கொதிக்கும்வரை பூட்ஸை உதறி மணலைக் கொட்டினேன். சோளகம் வீசும் மாதங்களில் மணல் விடியும்வரை தகரச் சுவரில் இரைந்துகொண்டிருக்கும். காலையில் பார்த்தால் போர்வையிலும் கோப்பையிலும் தொப்பியின் உட்பக்கத்திலும் கிடக்கும். நான்கு பாய்களில் மூன்று சுருட்டியபடியே இருந்தன. 5.25க்கு ஆணியில் தொங்கிய மூன்றாம் இலக்கத் தகட்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கரையோரமாக நடக்கத் தொடங்கினேன்.

இந்த நேரங்களை நான் ஞாபகத்திலிருந்து எழுதவில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து சீ.ஆர். கொப்பியில் நாட்குறிப்பு எழுதி வருகிறேன். அந்த நாளின் பக்கம் என் முன்னால் விரித்தபடி இருக்கிறது.

எங்களுடையது துணைப்படை. கடலைக் காக்க நிரந்தரப் படை இருக்கிறது. அவர்களுக்குக் கீழே, கரையில் நடந்து பார்த்துச் சொல்வதற்கு நாங்கள். யுத்தம் நடந்தபோது எங்கள் கையிலும் துப்பாக்கி தந்தார்கள். முடிந்ததும் வாங்கிக்கொண்டார்கள். இப்போது பிரம்பு, விசில், டோர்ச் லைட். சீருடை வருடத்துக்கு ஒன்று, பூட்ஸ் இரண்டு வருடத்துக்கு ஒன்று என்பது சுற்றறிக்கையில் இருப்பது. என் காலில் இருந்தது நான்காவது வருடத்துப் பூட்ஸ், இடது அடியை நைலோன் கயிற்றால் கட்டியிருந்தேன். குடிதண்ணீர் முகாமிலிருந்து வரவேண்டும். வராத நாளில் மீனவர்களின் வாடிகளில் கேட்டு எடுப்போம். மதியச் சாப்பாடு இரண்டு மணிக்கு முன் வந்ததாக என் கொப்பிகளில் எங்கும் இல்லை. நிரந்தரப் படையின் உணவுக்கூடத்துக்குள் நாங்கள் போகக்கூடாது. ஆனால் அவர்களின் அதிகாரிகள் தங்கும் வீடுகளுக்குத் தண்ணீர் பீப்பாய் தூக்கவும் வேலியடைக்கவும் துணி மினுக்கவும் எங்களைத்தான் கூப்பிடுவார்கள். அந்த வேலைகள் எந்தப் புத்தகத்திலும் பதியப்படுவதில்லை.

எங்கள் தீவில் கீரிப் பக்கத்துக் கரையில் சென்றிகள் வரிசையாக இருக்கின்றன. சென்றி என்றால் ஒரு தகரக் கொட்டில், ஒரு மேசை, ஒரு பதிவுப் புத்தகம். என்னுடையது மூன்றாம் இலக்கம். அடுத்தது நான்காம் இலக்கம், மூன்றேகால் கிலோமீற்றர் தூரத்தில். சரிபாதியில் ஓர் உடைந்த பைபர் வள்ளம் கவிழ்ந்து கிடக்கிறது. ஒவ்வொரு நாளும் காலை 5.25க்கு இரண்டு சென்றியிலிருந்தும் ஒவ்வொருவர் தத்தம் தகட்டோடு புறப்பட்டு, வள்ளத்தடியில் சந்தித்துத் தகட்டை மாற்றிக்கொள்ளவேண்டும். பகல் முழுக்க என் ஆணியில் நான்காம் இலக்கமும் அங்கே மூன்றாம் இலக்கமும் தொங்கும். மாலையில் மறுபடி நடந்து அவரவர் தகட்டைத் திருப்பி எடுப்போம். அதிகாரி திடீரென்று மோட்டார் சைக்கிளில் வந்தால் முதலில் ஆணியைத்தான் பார்ப்பார். தகடு மாறியிருந்தால் கரை நடக்கப்பட்டது என்று அர்த்தம். மாறிய நேரத்தை இரண்டு பக்கத்தாரும் தத்தம் புத்தகத்தில் எழுதவேண்டும். மணலில் வள்ளத்தடிக்கு எனக்கு இருபத்தைந்து நிமிடம் எடுக்கும். அதனால் வழக்கமான நேரம் 5.50.

அந்த நாட்களில் நான்காம் சென்றியில் இருந்தவர் கட்டுக்கரைக் குளத்துப் பக்கத்து வயற்காரக் குடும்பத்தைச் சேர்ந்தவர். என்னைவிட மூன்று வயது மூத்தவர். நான் அவரை அண்ணை என்பேன். மூத்தவராக இருந்தாலும் அவர் என்னை நானா என்றுதான் கூப்பிடுவார், தீவில் முஸ்லிம் ஆண்களைத் தமிழர்கள் கூப்பிடுகிற மாதிரி. நவம்பர் முடிவில் அவருக்கு ஐம்பத்தைந்து வயது. அன்றோடு சேவை முடிந்து, முடித்ததற்கான கடிதமும் ஓய்வூதியமும் கிடைக்கும். இடையில் நீக்கப்பட்டால் இரண்டும் இல்லை. இருபத்தொரு வருடம் வேலை செய்தவருக்கு மூன்றரை மாதம் மீதியிருந்தது.

ஆகஸ்ட் நான்காம் திகதி ஓர் அதிகாரியின் வீட்டுக்குத் தண்ணீர் பீப்பாய் ஏற்றும்போது படியில் சறுக்கி அவருடைய வலது முழங்கால் மடங்கியது. முருங்கன் ஆஸ்பத்திரிக்குப் போய் இரண்டு கிழமை ஓய்வு என்று துண்டு வாங்கிவந்தார். துண்டை ஏற்கவில்லை. படையின் வைத்தியர்தான் தரவேண்டுமாம். அவரிடம் போக ஒரு நாள் லீவு வேண்டும். மடுத் தேவாலயத் திருவிழா முடியும்வரை யாருக்கும் லீவு இல்லை. கடமையில் காயப்பட்டதாக எழுதலாமா என்று கேட்டதற்கு, அன்று அவர் எந்தக் கடமையில் இருந்தார் என்று புத்தகத்தைப் புரட்டினார்கள். புத்தகத்தில் அவர் சென்றியில் இருந்தார்.

ஆறாம் திகதி மடுவில் கொடி ஏறியது. ஒவ்வொரு சென்றியிலும் இருந்த நான்கு பேரில் மூவரை முதல் நாள் இரவே திருவிழாக் கடமைக்கு ஏற்றிப்போனார்கள். என் சென்றியில் நான், நான்காம் சென்றியில் அவர். அன்று காலை வள்ளத்தடியில் பத்து நிமிடம் நின்றேன். அவர் வரவில்லை. மிச்சத் தூரத்தையும் நடந்தேன். கொட்டில் வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். முழங்கால் தேங்காய் அளவில் வீங்கியிருந்தது.

“நானா, கட்டுக்கரைத் தண்ணி முழுக்க முழங்காலுக்க வந்திட்டுது” என்றார். “துருசைத் திறந்துவிட்டா ரெண்டு வயல் பாயும்.”

“நீங்க அசையவேணாம் அண்ணை. தகட்டைத் தாங்க.”

“நாளைக்கு?”

“நாளைக்கும் நான் வாறன்.”

ஒரு கரையை இரண்டு பேர் பாதி பாதி நடப்பதற்குப் பதிலாக ஒருவன் முழுக்க நடந்தான், அவ்வளவுதான். காலையில் போய்வர ஆறரை, மாலையில் ஆறரை, ஒரு நாளைக்குப் பதின்மூன்று கிலோமீற்றர். நடக்காமல் விட்ட அடி ஒன்றுகூட இல்லை. அதனால் பிழை செய்கிறோம் என்று எனக்குத் தோன்றவில்லை.

பிழை வேறிடத்தில் இருந்தது. புத்தகத்தில் என்ன எழுதுவது என்று நாங்கள் ஒருநாளும் பேசிக்கொள்ளவில்லை. அவர் ஒவ்வொரு நாளும் வழக்கமாக எழுதும் 5.50ஐ எழுதினார். நான் தகடு கைமாறிய நேரத்தை மணிக்கூட்டைப் பார்த்துக் குறித்துவந்து, அப்படியே எழுதினேன். முதல் நாள் வள்ளத்தடியில் நின்றதால் 6.30. பிறகு 6.21, 6.19, 6.20. எந்த இடத்தில் மாறியது என்று எழுதவில்லை. இடத்தை மறைத்ததால் அவரைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்தேன். 5.25க்குப் புறப்பட்டு 6.20க்குத் தகடு மாற்றுகிறவன் வள்ளத்தடியில் மாற்றியிருக்க முடியாது என்பது கூட்டல் கழித்தல் தெரிந்த யாருக்கும் விளங்கும். பதினொரு நாளாக அந்த எண்களை எழுதிய எனக்கு விளங்கவில்லை. நேரத்தைச் சரியாக எழுதுவது எனக்கு மூச்சு விடுவது மாதிரி. அதைப் பற்றி நான் யோசிப்பதில்லை.

இனிப் பதினாறாம் திகதிக்கு வருகிறேன். 6.20க்கு அவருடைய கொட்டிலில் தகடு மாற்றினோம். வீக்கம் சற்று வற்றியிருந்தது, நிறம் கறுத்திருந்தது. நேற்றோடு திருவிழா முடிந்தது, இன்று பின்னேரம் மற்றவர்கள் வந்துவிடுவார்கள் என்று பேசிக்கொண்டோம். 7.18க்கு என் சென்றிக்குத் திரும்பினேன்.

9.30க்கு ஒரு கரைவலைச் சம்மாட்டி, அதாவது வலைக்குச் சொந்தக்காரர், மணலில் கால் புதையப் புதைய வந்தார். முதல் நாள்தான் மடுவிலிருந்து திரும்பியிருந்தார். எங்களைக் கண்டால் சீண்டாமல் விடமாட்டார்.

“என்ன தளபதி, இண்டைக்கு இந்தியாவைப் பிடிச்சாச்சோ?”

“இன்னும் இல்ல. என்ன விசயம்?”

“கரையில நிண்டு விசிலடிக்கிறியள். அங்க கடலில இந்தியன் றோலர் வந்து என்ர வலையை அறுத்துக்கொண்டு போகுது. ஆரும் கேக்கேல்லை. இப்ப நான் உங்களுக்கு உளவு சொல்ல வந்திருக்கிறன். வள்ளத்தடிக்கு அங்கால மூண்டு மூட்டை கிடக்கு. பீடி இலை போல. நான் சொல்லாம விட்டா பிறகு என்னையெல்லோ கடத்தல்காரன் எண்டுவியள்.”

நான் போய்ப் பார்த்தேன். வள்ளத்திலிருந்து நான்காம் சென்றிப் பக்கம் நானூற்று இருபது காலடித் தூரத்தில், அடம்பன் கொடிக்குள் மூன்று மூட்டைகள். கறுப்புப் பொலித்தீனால் சுற்றப்பட்டு, வெளிப்பக்கம் காய்ந்திருந்தது. காலையில் போகும்போதும் வரும்போதும் அந்த இடத்தைக் கடந்திருக்கிறேன். வெறும் மணல்தான் கிடந்தது. சோளகம் கரையிலிருந்து கடலுக்கு வீசும் காலம், மூட்டை தானாகக் கரையேறாது. ஏழு மணிக்குப் பிறகு யாரோ கொண்டுவந்து வைத்திருக்கவேண்டும். 9.52க்கு முகாமுக்குத் தொலைபேசியில் அறிவித்தேன். நானேதான் அறிவித்தேன்.

11.10க்கு நிரந்தரப் படையின் ட்ரக் வந்து மூட்டைகளை ஏற்றியது. கூடவே இரண்டு சென்றியினதும் பதிவுப் புத்தகங்களையும் எடுத்துப்போனார்கள். 2.15க்கு அதே ட்ரக் திரும்பி வந்து எங்கள் இருவரையும் ஏற்றியது. சாப்பாடு இன்னும் வந்திருக்கவில்லை.

ட்ரக்கின் பின்தட்டில் அண்ணை காலை நீட்டிப் பிடித்துக்கொண்டு கேட்டார். “புத்தகத்தை ஏன் எடுத்தவங்கள்?”

“பாக்கிறதுக்கு.”

“நீங்கள் என்ன நேரம் எழுதினனீங்கள்?”

சொன்னேன்.

“ஒவ்வொரு நாளும்?”

“ஒவ்வொரு நாளும்.”

“நிமிசத்தோட?”

“ஓம்.”

“உங்களைக் கலியாணம் முடிச்ச மனிசிக்கு நான் ஒரு மாலை போடவேணும்” என்றார். பிறகு முகாம் வாசல் வரை பின்னால் ஓடும் வீதியையே பார்த்துக்கொண்டு வந்தார்.

அதிகாரிக்கு முப்பது வயதிருக்கும். கத்துகிறவர் அல்ல. மேசையில் இரண்டு புத்தகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்திருந்தார். சுவரோரம் இரண்டு கதிரைகள் வெறுமையாக இருந்தன. நாங்கள் நின்றோம். தொண்ணூறில் தீவைவிட்டு வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. புத்தளத்தில் இருந்த வருடங்களில் நான் சிங்களம் பழகினேன். அண்ணைக்குச் சிங்களம் தெரியாது. தமிழ் தெரிந்த எழுத்தர் மடுவில் இருந்தார். ஆகவே அண்ணைக்கு மொழிபெயர்க்கும் வேலையும் எனக்கே விழுந்தது. அவருக்கு முழங்கால் சரியில்லை, உட்காரலாமா என்று கேட்டேன். விசாரணை முடிந்ததும் உட்காரலாம் என்றார்.

மூட்டையைப் பற்றி முதலில் கேட்டார். வெளிப்பக்கம் காய்ந்திருந்தது, காற்று கரையிலிருந்து வீசுகிறது, கடலால் வந்திருக்காது என்றேன். அவர் எழுதவில்லை. முதல் நாள் கடலில் சுற்றிய நிரந்தரப் படையின் ரோந்துப் படகைப் பற்றி அங்கே யாரும் பேசவில்லை. மூட்டைக்கு யாராவது பதில் சொல்லவேண்டும், பதில் சொல்லக்கூடிய மிகக் கீழான இடத்தில் நாங்கள் நின்றோம். அந்தக் கரையைக் காலையில் இரண்டு தடவை நான் கடந்தேன், அப்போது மூட்டை இல்லை. அதுதான் எங்களிடம் இருந்த ஒரே நல்ல சாட்சி. அதைச் சொல்ல வாயைத் திறந்தால், அடுத்தவரின் பாதியில் நீ ஏன் நடந்தாய் என்ற கேள்வி வரும்.

அந்தக் கேள்வி எப்படியும் வந்தது. அதிகாரி ஒரு பென்சிலால் இரண்டு புத்தகங்களையும் மாறி மாறித் தொட்டார்.

“ஆறாம் திகதி உன் புத்தகத்தில் 6.30. அவன் புத்தகத்தில் 5.50. ஏழாம் திகதி 6.21, 5.50. எட்டாம் திகதி 6.19, 5.50. ஒரு தகடு இரண்டு நேரத்தில் மாறுமா?”

பென்சில் நுனி என் 6.19இல் நின்றது.

“இரண்டில் ஒன்று பொய்ப் பதிவு. பொய்ப் பதிவுக்கு என்ன தண்டனை என்று தெரியும்தானே? எந்த நேரம் சரி என்று அவனிடம் கேள்.”

தெரியும். வேண்டுமென்றே பொய் எழுதினால் நீக்கம். நடையில் சுணங்கினாலோ கவனயீனமாக எழுதினாலோ லீவு வெட்டும், சேவைக் கோவையில் ஒரு குறிப்பும். அந்தச் சுற்றறிக்கையைச் சென்றிச் சுவரில் ஒட்டியவனே நான்.

திரும்பி, “அண்ணை, தகடு மாறின நேரம் எதெண்டு கேக்கிறார்” என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. அதிகாரியின் முகத்தைப் பார்த்தே தமிழில் சொன்னார்.

“நான் நடக்கேல்லை எண்டு சொல்லுங்கோ. முழங்கால் ஏலாது. நானாதான் பதினொரு நாளும் என்ர சென்றி மட்டும் வந்து மாத்தினவர். அவர் எழுதின நேரம் சரி. நான்தான் இருந்த இடத்தில இருந்துகொண்டு பொய்யா எழுதினனான். அவரில ஒரு பிழையும் இல்லை எண்டு சொல்லுங்கோ.”

என்னைப் பற்றியே பேசினார். ஆனாலும் ‘அவர்’ என்றுதான் சொன்னார். மொழிபெயர்ப்பவன் வேறு ஆள் என்பது மாதிரி. அதிகாரி என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“5.50 என்கிறார், சேர்” என்றேன்.

“இவ்வளவு நீளமாகச் சொன்னானே?”

“முழங்காலைப் பற்றியும் சொன்னார், சேர்.”

“அப்படியென்றால் நீ எழுதியது?”

“தகடு 5.50க்குத்தான் மாறியது, சேர். அதன் பிறகு அங்கே வாடியில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தேன். எழும்பிய நேரத்தைக் கவனமில்லாமல் எழுதிவிட்டேன்.”

“பதினொரு நாளுமா?”

“பதினொரு நாளும், சேர்.”

அவர் பென்சிலை வைத்தார். “உன்னை ஒழுங்கான ஆள் என்று சொன்னார்கள்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எங்களைப் போன்றவர்களைப் பற்றி முன்பே நினைத்திருந்தது சரியாகிவிட்ட முகம். நான் மேசையில் விரிந்திருந்த என் கையெழுத்தைப் பார்த்தேன்.

இரண்டு மாதத்துக்கு என் லீவு வெட்டப்பட்டது. என் கோவையில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு ஏறியது. அண்ணைக்கு எச்சரிக்கை மட்டும், அதுவும் வாயால். என் புத்தகத்தில் பதினொரு வரியையும் அங்கேயே சிவப்பு மையால் வெட்டி 5.50 என்று மாற்றி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சுருக்கக் கையெழுத்து வைக்கவேண்டும் என்றார். அந்தப் புத்தகத்தில் அதுவரை ஒரு வெட்டுகூட இருந்ததில்லை. அடிமட்டம் ஒன்று கிடைக்குமா என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு லாச்சியிலிருந்து எடுத்துத் தந்தார். பதினொரு கோடும் நேராக இழுத்தேன்.

புத்தகங்களை எங்கள் கையில் தரும்போது, “நாளையிலிருந்து இரண்டும் ஒரே நேரத்தைச் சொல்லவேண்டும்” என்றார். மற்றவர்கள் எப்போது வருவார்கள் என்று கேட்டேன். மடுவில் துப்புரவு வேலை இருக்கிறது, சனிக்கிழமை அனுப்புவோம் என்றார்.

திரும்பிவர ட்ரக் இல்லை. பஸ்ஸில் வந்து இறங்கியபோது 4.50. வீதியிலிருந்து கரைக்கு ஒரு கிலோமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. அண்ணை என் தோளில் கை போட்டு நடந்தார். இரண்டு தடவை நின்றார். இரண்டாவது தடவை நின்றபோது கேட்டார்.

“என்னை விட்டிட்டு உங்களுக்கேன் தண்டனை? நான் சொன்னதைச் சொன்னனீங்களோ?”

“சொல்லல்ல.”

“என்ன சொன்னனீங்கள்?”

சொன்னேன். அவர் என் தோளிலிருந்து கையை எடுத்தார்.

“என்ர வாயால வந்ததை மாத்திச் சொல்ல உங்களுக்கு ஆர் உரிமை தந்தது? நான் யோசிச்சுச் சொன்னனான். ட்ரக்கில வரேக்கயே யோசிச்சனான். இருபத்தொரு வருசத்தில ஒரு நாள் ஒரு பெரியவனுக்கு முன்னால நிண்டு உண்மையைச் சொன்னன். அதையும் நீங்கள் சொல்லவிடேல்லை.”

“சொல்லியிருந்தா இண்டைக்கே பொட்டியைக் கட்டியிருப்பீங்க.”

“கட்டினா கட்டினது. அது என்ர பொட்டி.”

“நீங்க பொய் எழுதினது நேரத்தைத்தான் அண்ணை. கரையை யாரும் விட்டுட்டுப் போகல்ல. கரையை நான் பாத்தனான்.”

“அதைத்தானே நானும் சொன்னனான்!”

அவர் சொன்னது சரி. அதைத்தான் அவரும் சொன்னார். மணலை அள்ளிக்கொண்டு காற்று எங்கள் இருவரின் முகத்திலும் அடித்தது. அவர் ஒற்றைக் காலில் பாரத்தைப் போட்டு நின்றுகொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் அவருடைய கை மறுபடி என் தோளுக்கு வந்தது, வேறு வழியில்லாமல்.

நான்கு அடி நடந்ததும் கேட்டார். “தேத்தண்ணி குடிச்சனீங்களோ, பதினொரு நாளும்?”

“ஓம்.”

“சீனி போட்டோ, போடாமலோ?”

“அதைக் கேக்கல்ல.”

“நல்லவேளை. கேட்டிருந்தா எத்தினை கரண்டி எண்டு நாள்வாரியா ஒப்புவிச்சிருப்பியள்.”

அவருடைய உடம்பு குலுங்குவது தோளில் தெரிந்தது. சிரிக்கிறார் என்று நினைத்தேன். முகத்தைப் பார்க்கவில்லை.

அவரைக் கொட்டிலில் விட்டுவிட்டு, ட்ரக்கில் ஏறும்போதே பையில் போட்டிருந்த நான்காம் இலக்கத்தைக் கொடுத்து மாலைத் தகட்டையும் அங்கேயே மாற்றிக்கொண்டு புறப்பட்டேன். போகும்போது பின்னாலிருந்து, “நாளைக்கு நான் வள்ளத்தடிக்கு வருவன். தடி ஒண்டு இருக்கு” என்றார்.

“வரவேணாம். முழங்கால் போயிடும்.”

“ரெண்டு புத்தகமும் ஒண்டாச் சொல்லவேணுமெண்டெல்லோ சொன்னவன்?”

“புத்தகம்தானே சொல்லவேணும். நீங்க இரிங்க.”

7.05க்கு மனைவிக்குத் தொலைபேசி எடுத்தேன். அவள் இன்னும் புத்தளத்தில்தான் இருக்கிறாள். மூன்று கிழமைக்கு ஒரு தடவை இரண்டு நாள் லீவில் போவேன். வருகிற வெள்ளிக்கிழமை போகவேண்டிய முறை.

“இந்தக் கிழமை வரக் கிடைக்காது” என்றேன்.

“அப்ப அடுத்த கிழமையா?”

“ரெண்டு மாசம்.”

அந்தப் பக்கம் பாத்திரம் ஒன்றைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

“என்ன செஞ்சீங்க?”

“தேத்தண்ணி குடிச்சன்.”

“நீங்களா? கடமை நேரத்திலயா?” என்று கேட்டாள். பிறகு, “யாருக்காக இந்தப் பொய்?” என்றாள்.

நான் விபரம் சொன்னேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். முடிவில், “கூரைத் தகரம் ஒண்டு காத்துக்கு அடிச்சிட்டே இரிக்கிது. நீங்க வந்தா ஆணி அடிப்பீங்கண்டு பாத்துக்கிட்டு இருந்தன்” என்றாள். “பரவாயில்ல. கல்லுத் தூக்கி வைக்கிறன்.”

அன்று நாட்குறிப்பில் நடந்ததை நடந்தபடியே எழுதினேன். தகடு மாறியது 6.20, நான்காம் சென்றியில். மூட்டைகள் காலையில் இல்லை. அண்ணை உண்மையைச் சொன்னார், நான் மொழிபெயர்க்கவில்லை. இரண்டு பக்கம் வந்தது. வழக்கமாக அரைப் பக்கத்துக்கு மேல் போவதில்லை. பிறகு பூட்ஸின் கயிற்றை மாற்றிக் கட்டிவிட்டுப் படுத்தேன். கால் எரிந்தது. நித்திரை உடனே வந்தது.

17ஆம் திகதி, வியாழக்கிழமை. 4.35க்கு எழும்பினேன். தொழுதபின் தேத்தண்ணி வைக்கவில்லை. முதல் வேலையாக டோர்ச்சை மேசையில் சாய்த்து வைத்துப் பதிவுப் புத்தகத்தைத் திறந்தேன். சிவப்பு வெட்டுகளுக்குக் கீழே புது வரியில் திகதியைப் போட்டு, புறப்பட்ட நேரம் 5.25, தகடு மாறிய நேரம் 5.50 என்று எழுதினேன். மணிக்கூடு 5.08 காட்டியது. மை காயும்வரை புத்தகத்தைத் திறந்தே வைத்திருந்து, மணல் விழாமல் மூடினேன்.